விடியலுக்கு ஓர் உருட்டல்

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நான்கு பேருக்குமே அது தெரியும். அவர்கள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்துக்குள் மாதக்கணக்காக ஒரே ராத்திரிதான் நடந்துகொண்டிருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பாதி டாக்டர் சொல்லிவிட்டாள்.

"ஏன் நடுவரே, இந்த ராத்திரி எப்பதான் விடியும்?"

நடுவர் என்பது அந்த மேசையில் மட்டும் செல்லுபடியாகும் பட்டம். வெளியே அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுவதும் உயரமான கட்டிடங்களின் உச்சி அறைகளில் கிரீஸும் கையுமாக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, ட்ரை கிளீனிங் கடையின் மாடிக்கு வந்துவிடுவார். கடைக்கு அன்று விடுமுறை. ஆனாலும் நீராவியும் மருந்துத் தண்ணீரும் கலந்த வாடை படிக்கட்டு வரை நிற்கும். பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் சுவரோரம் வரிசையாகத் தொங்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு நடுவில் மேசை போட்டுக்கொள்வார்கள். கடை முதலாளியான 'இஸ்திரி' அந்த மேசையில் கோடரி வீரன். இரண்டு கடை தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கும் 'பாதி டாக்டர்' வில்லாளி. தும்மினால்கூட மாத்திரை பெயர் சொல்லிவிடுவதால் அவளுக்கு அந்தப் பட்டம்.

ஆட்டம் இப்படித்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். காட்டிலும் குகையிலும் அந்தப் பாத்திரங்கள் சுற்றும், சண்டை போடும், மந்திரம் போடும். பலகை, காய் எதுவும் கிடையாது, எல்லாம் வாயால் சொல்வதுதான். "நான் கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் கதவு உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும்; பெரிய எண் விழுந்தால் உடையும், சின்ன எண் விழுந்தால் உடையாது. உடைந்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நடுவர் சொல்வார். மழை, ஓநாய், பகல், இரவு எல்லாம் அவர் கையில். இதற்கெல்லாம் செங்கல் கனத்தில் ஒரு விதிப்புத்தகம் உண்டு. அதில் பாதிக்கு மேல் மந்திரங்களைப் பற்றியது. ஒரு மந்திரம் எவ்வளவு தூரம் போகும், எத்தனை நேரம் நிற்கும், தண்ணீருக்கடியில் பலிக்குமா என்று விதிகள் பக்கம் பக்கமாக இருந்தாலும், எழுதியவர் நினைத்துப் பார்க்காத ஒன்று வாராவாரம் நடந்துவிடும். அப்போது வியாக்கியானம் சொல்லவேண்டியது நடுவர்.

அதில் அவருக்கு அலாதி பிரியம். ஒரு விதி சந்தேகம் வந்துவிட்டால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்காருவார். "ஆரம்பிச்சுட்டான்டா அண்ணன். யாருக்காவது தூக்கம் வந்தா கோட்டைப் போத்திக்கிட்டு படுத்துக்கலாம்" என்பாள் அவர் தங்கை.

இஸ்திரிக்கும் பாதி டாக்டருக்கும் அடுத்து அவளுடைய நாற்காலி. அவளுக்கு அடுத்து அவள் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரான அவரை நடுவர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு மற்றவர்களுக்கும் அவர் மாப்பிள்ளையாகிவிட்டார். தங்கைதான் குழுவின் மந்திரக்காரி. அவளுக்கு எந்த மந்திரத்தையும் நேராகப் போடத் தெரியாது. நெருப்பை எறிந்தால் எதிரி பாதி, இஸ்திரியின் தாடி பாதி எரியும்.

கடைசியாக அவள் ஆடியது ஆஸ்பத்திரிப் படுக்கையில். சாப்பாடு வைக்கும் சக்கர மேசையை நெஞ்சுக்கு நேராக இழுத்துவிட்டு, பகடை உருளும் சத்தம் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கேட்காமல் இருக்க மேலே மடித்த துண்டை விரித்து ஆடினார்கள். ஓநாய்க் கூட்டம் குகை வாசலைச் சூழ்ந்துகொண்ட இரவு அது. இஸ்திரியின் கோடரி வீரன் சாகக் கிடந்தான். அவளிடம் மிச்சமிருந்தது ஒரே மந்திரம்: ஒளிக்கூடாரம். ஒரே ஒரு ஆளைச் சுற்றி ஒளியால் ஒரு கூடாரம் எழும்பும். உள்ளே இருப்பவரை எதுவும் தொடமுடியாது. உள்ளே இருப்பவரும் வெளியே எதையும் தொடமுடியாது. சாகக் கிடப்பவனைக் காப்பாற்றுவதற்கென்றே எழுதிவைத்த மந்திரம். அவள் அதைக் கீறல்கூடப் படாத தன் கணவர் மேல் போட்டாள்.

"அடிப்பாவி! இங்க எனக்குக் குடல் வெளியில தொங்குது!" என்றான் இஸ்திரி.

"உனக்கு மறுபடி ஒரு பாத்திரம் எழுதிக்கலாம்டா. இவருக்கு என்னை விட்டா யாரு இருக்கா?" என்றாள் தங்கை.

சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப்பார்த்தாள். பாதி டாக்டர் கைமருந்து கொடுத்து எப்படியோ இஸ்திரியைப் பிழைக்கவைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் தங்கை போய்விட்டாள்.

கொஞ்ச காலம் யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒருநாள் மாப்பிள்ளைதான் ஃபோன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வரலாமா மச்சான்? வீட்டுல உக்கார முடியல." வந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முறை வந்தபோது, "நான் கூடாரத்துக்குள்ளயே இருக்கேன்" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரமும்.

விதிப்படி அதில் தப்பே இல்லை. மந்திரம் போட்டவர் மனத்தை அதன்மேல் வைத்திருக்கும் வரை ஒளிக்கூடாரம் நிற்கும். அதுவரை அவரால் வேறெதுவும் செய்யமுடியாது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் தங்கையின் முறை வரும்போது, "அவ மந்திரத்தைப் பிடிச்சுக்கிட்டிருக்கா" என்று நடுவர் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. குகைக்கு மேலே, ஓநாய் எட்டமுடியாத பாறை விளிம்பில், இரண்டு கைகளையும் உயர்த்தியபடி அவளை நிற்கவைத்திருந்தார்.

விதியில் இன்னொரு வரி உண்டு. ஒவ்வொரு விடியலிலும் மந்திரக்காரி ஒரு முறை பகடை உருட்டவேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் கூடாரம் நிற்கும். அதற்குக் கீழே விழுந்தால் கலைந்துவிடும்.

ஆகவே நடுவர் விடியவிடவில்லை.

ராத்திரி நீண்டது. ஓநாய்கள் போனால் வேறு ஓநாய்கள் வந்தன. மேகம் நிலாவை மறைத்தது, நிலா மேகத்திலிருந்து வந்தது. "நான் உரிச்ச தோலை வெச்சு ஒரு கம்பளிக் கடையே திறக்கலாம்" என்று இஸ்திரி அலுத்துக்கொண்டான். ஆனாலும் கோடரியை வீசினான்.

"கேக்கறேன்ல. எப்ப விடியும்?" என்றாள் பாதி டாக்டர் மறுபடியும்.

"குளிர்காலம். ராத்திரி நீளம்தான்" என்றார் நடுவர்.

"ஒரு ராத்திரிக்குள்ள என் அம்பெல்லாம் தீந்து, புதுசா செஞ்சு, அதுவும் தீந்துபோச்சு. என்ன குளிர்காலம் அது?"

"விடேன். கொல்லத்தானே வந்தோம்" என்றான் இஸ்திரி, அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டியபடி.

"நீ கண்ணைக் காட்டாதே. எத்தனை நாளைக்குக் காட்டுவே?" அவள் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "கண்ணாடிக்காரரே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கடை ஷட்டரை நான் தினமும் தாண்டித்தான் போறேன். அது ஏறி எவ்வளவு நாளாச்சு? கண்ணாடி செய்யக் கொடுத்துட்டுப் போனவங்க என் கடைக்கு வந்து கேக்கறாங்க. ஒரு பெரியவர், பஸ் நம்பர் தெரியலம்மான்னு நிக்கிறார். வாரம் பூரா வீட்டுல அடைஞ்சு கிடக்கறீங்க. ஞாயித்துக்கிழமை இங்க வந்து இதுக்குள்ள அடைஞ்சு கிடக்கறீங்க. நாங்களும் வசதியா ராத்திரியாவே வெச்சிருக்கோம்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். விரலால் மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்.

"மந்திரம் போட்டவ மனசு வெச்சிருக்கற வரைக்கும் நிக்கும்னுதானே விதி? அவ பாறை மேல நிக்கிறா. அவளை யாரும் அடிக்கல. மனசு கலையறதுக்குக் காரணமே இல்ல. பாத்திரத்தோட மனசுதான் கணக்கு. அதை ஆடறவங்க இருக்காங்களா இல்லையான்னு புத்தகத்துல எங்கேயும் இல்ல. சொல்லுங்க மச்சான், நான் சொல்றது சரியா தப்பா?"

சரிதான். அந்த வரியை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் மாப்பிள்ளை சொல்வது சரி. நடுவர் அதை எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆனால் வரியைப் படிப்பதும் விதியைப் படிப்பதும் ஒன்றல்ல என்பதை அவருக்கு அவர் தொழில் சொல்லிக்கொடுத்திருந்தது.

லிஃப்டின் பிரேக்கைப் பற்றிக் கேட்டால் பலரும் தலைகீழாகத்தான் சொல்வார்கள். மின்சாரம்தான் பிரேக்கைப் பிடிக்கிறது என்று நினைப்பார்கள். அப்படியிருந்தால் மின்சாரம் போன அடுத்த நொடி லிஃப்ட் பெட்டி பிடி இழந்து ஓடிவிடும். உண்மையில் பிடிப்பது ஸ்பிரிங். அது எப்போதும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் வந்து காந்தத்தை இழுத்து அந்தப் பிடியைத் தளர்த்தினால்தான் பெட்டி நகரவே முடியும். மின்சாரம் போனால் ஸ்பிரிங் தானாக அழுத்திக்கொள்ளும். செய்தவன் முதலில் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்: ஒன்றும் வராமல் போனால், ஒருவரும் இல்லாமல் போனால், இது எந்தப் பக்கம் சாயவேண்டும்? அதற்கு விடை தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாகப் புரியும். மந்திரங்களையும் அவர் அப்படியேதான் படிப்பார். சில மந்திரங்கள் சாபம் மாதிரி. போட்டுவிட்டால் போட்டதுதான், யாராவது வந்து எடுக்கும்வரை நிற்கும். சிலவற்றுக்கு விடாமல் ஊட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஊட்டுகிற கை இல்லாவிட்டால் விழும். ஒளிக்கூடாரம் எந்த வகை என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. தினமும் உருட்டு என்று விதி சொல்வதே அதற்காகத்தான்.

"நீங்க சொல்றது சரிதான் மாப்ள. ஆடறவங்க இல்லாட்டி மந்திரம் விழும்னு விதி இல்ல" என்றார்.

"இல்லல்ல?"

"இல்ல. ஆனா விடியல்ல உருட்டணும்னு இருக்கு."

கீழே தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"அவளுக்காக நான் உருட்டறேன்" என்றார் மாப்பிள்ளை.

அதற்கு அவர்கள் மேசையிலேயே ஒரு வழக்கம் இருந்தது. ஒருமுறை இஸ்திரிக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது ஏற்பட்டது. வராதவர்களுடைய உருட்டலை நடுவர்தான் உருட்டவேண்டும். கூட ஆடுபவர்கள் உருட்டினால் தங்களுக்குச் சாதகமாக ஏதாவது செய்துவிடுவார்கள் என்று பயம். அப்படிப் பயந்து சண்டை போட்டவளே தங்கைதான்.

"வராதவங்க உருட்டலை நடுவர் உருட்டணும்" என்று இஸ்திரி மெதுவாகச் சொன்னான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வராதவங்க..." என்று மாப்பிள்ளை அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப்பார்த்தார். பிறகு, "சரி. வழக்கம் வழக்கம்தான். விடிஞ்சா உருட்டணும். விடியறது உங்க கையில இருக்கு மச்சான்" என்றார். "நீங்க விடிஞ்சிடுச்சுன்னு சொன்னா நான் ஒத்துக்கறேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனா சொல்லாதீங்க."

பாதி டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொங்கும் கோட்டுகளைப் பார்த்தாள்.

விடியவைக்காமல் இருந்ததை இத்தனை நாளும் மாப்பிள்ளைக்குச் செய்யும் உபகாரம் என்று நடுவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது முழு உண்மை இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் "அவ மந்திரத்தைப் பிடிச்சுக்கிட்டிருக்கா" என்று சொல்லும் அந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் வாரம் முழுவதும் காத்திருந்தார். நிகழ்காலத்தில் அவளைப் பற்றிப் பேச அவருக்கு வேறு இடம் இருக்கவில்லை. வேலையிடத்தில் எல்லோரும் "இருந்தாங்க" என்றுதான் சொன்னார்கள்.

மாப்பிள்ளையைப் பார்த்தார். சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று கிடந்தது. ஊரெல்லாருக்கும் கண்ணாடி செய்துகொடுத்தவரின் கண்ணாடியில் ஒரு பக்கத்துத் திருகு கழன்று, நூல் சுற்றியிருந்தது.

"கிழக்குல மேகம் வெளுக்குது" என்றார் நடுவர்.

இஸ்திரி நாற்காலியில் நிமிர்ந்தான்.

"ஓநாய்ங்களுக்குள்ள ஒரு சலசலப்பு. சில ஓநாய் காட்டைத் திரும்பிப் பாக்குது. பாறை விளிம்புல முதல்ல வெளிச்சம் விழுது. விடிஞ்சிடுச்சு."

சொன்ன சொல் மாறாமல் மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

நடுவர் பகடையை எடுத்தார். பத்தோ அதற்கு மேலோ விழ வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் அதிகம். வேறு யாராவது கேட்டிருந்தால் அதை அழகாக விளக்கியிருப்பார். ஒரு விடியலுக்கு நிற்பது சுலபம், இரண்டுக்கு நிற்பது கஷ்டம், தொடர்ந்து நிற்கவேண்டுமென்றால் எந்த மந்திரக்காரியாலும் ஆகாது என்று. இப்போது அந்தக் கணக்கு நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. பகடை கையிலிருந்து விழுந்தது, உருண்டது என்று சொல்ல முடியாது. பகடை உருட்டுவதற்கென்று மேசைமேல் வைத்திருந்த சட்டைப் பெட்டியின் மூடிக்குள் இரண்டு புரண்டு நின்றது.

பதினாலு.

"நின்னுடுச்சு!" என்று இஸ்திரி மேசையைத் தட்டினான். "பாத்தியா? அவ விடமாட்டா! எமகாதகி!"

பாதி டாக்டர்கூட ஒரு கணம் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் பகடையைப் பார்க்கவே இல்லை. மூடியின் ஓரத்தில் இன்னும் அப்படியே விரிந்து கிடந்த நடுவரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுடுச்சு மாப்ள" என்றார் நடுவர். "இன்னிக்கு நின்னுடுச்சு."

"நாளைக்கு?"

"நாளைக்கு விடிஞ்சா மறுபடி உருட்டணும்."

"ஒவ்வொரு விடியலுக்குமா?"

"ஒவ்வொரு விடியலுக்கும்."

"நீங்களா?"

"வேற யாரு உருட்டறது?"

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத முகம் யாரோ தெரியாதவர் முகம் போல இருந்தது.

"ஆஸ்பத்திரில இருந்தப்ப தினமும் காலையில ஃபோன் பண்ணுவீங்களே மச்சான். 'இன்னிக்கு எப்படி இருக்கா?' நான், 'இன்னிக்குப் பரவாயில்ல' அப்படின்னு சொல்லுவேன். உங்களுக்கு மூச்சு வர்றது ஃபோன்ல கேக்கும். அப்புறம் ரெண்டு பேரும் அடுத்த நாள் காலையை நினைச்சுக்கிட்டு ஒண்ணும் பேசமாட்டோம்." நிறுத்தினார். "இப்ப இன்னிக்கு நின்னுடுச்சுன்னு சொன்னீங்க பாருங்க. அதே குரல்."

நடுவர் பகடையை மூடியின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

"அதை நாம ஒரு தடவை பண்ணியாச்சு. முழுசா பண்ணியாச்சு. மறுபடி வேணாம்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நூல் சுற்றிய காம்பு காதில் சரியாக உட்காரவில்லை. இரண்டு முறை சரிசெய்தார். "உள்ள இருக்கறவர் வெளியில வர்றதுக்கு விதி என்ன?"

"எப்ப வேணாலும் வரலாம். பகடை வேண்டாம். யார் அனுமதியும் வேண்டாம்" என்றார் நடுவர். "வந்துட்டா மந்திரம் முடிஞ்சது. திரும்ப உள்ள போகமுடியாது."

"தெரியும். முதல் நாளே படிச்சுட்டேன்."

பிறகு நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, ஆட்டத்தில் பேசுகிற குரலில், "நான் வெளியில வர்றேன்" என்றார்.

நடுவர்தான் அடுத்ததைச் சொல்லவேண்டும். சொன்னார். ஒளி முதலில் ஓரங்களில் மங்கியது. உள்ளே இருந்த கதகதப்பு போய்க் காலைக் குளிர் காற்று முகத்தில் பட்டது. இத்தனை நாளாகத் தொடமுடியாமல் சுற்றிச் சுற்றி வந்த நாலு ஓநாய்கள் அப்படியே நின்று, தலையைத் தாழ்த்தி, மோப்பம் பிடித்தன. புதுச் சுற்று ஆரம்பம்.

இஸ்திரியின் முறை. கோடரியை வீசினான், ஒரு ஓநாய் விழுந்தது. இந்தத் தடவை தோலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாதி டாக்டர் அம்பு விட்டாள், தவறியது. "சே" என்றாள். பழக்கதோஷத்தில் தன் இடதுபக்க நாற்காலியைப் பார்த்து, "அடுத்தது நீ—" என்று ஆரம்பித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

தங்கையின் முறைதான். அதுதான் விதி. மந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த வரை அவளால் வேறெதுவும் செய்யமுடியாது. இப்போது மந்திரம் இல்லை. அவள் கைகள் காலி. பாறை விளிம்பில் நிற்கிற மந்திரக்காரி எதை வேண்டுமானாலும் செய்யலாம். என்ன செய்கிறாள் என்பதை, வராதவர்களுக்காகச் சொல்கிற நடுவர் சொல்லவேண்டும்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

அவள் என்ன செய்வாள் என்பது அவருக்கு அச்சாகத் தெரியும். நெருப்பை எறிவாள். அதுவும் கோணலாக எறிவாள். எறிந்துவிட்டு, "யாராவது எரிஞ்சீங்களா?" என்று கேட்பாள். அவர் வாயைத் திறந்தால் போதும், அந்த நெருப்பு இந்த மேசைமேல் வந்து விழும். இஸ்திரி கத்துவான், எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் இருப்பாள். அவர் சொல்லச் சொல்ல இருந்துகொண்டே இருப்பாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை தன் பகடையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு நேரே ஓநாய்கள் நின்றன.

"அவ..." என்றார் நடுவர். மறுபடி ஆரம்பித்தார். "அவ கையைக் கீழ இறக்கிட்டா. முறையை விட்டுட்டா."

பாதி டாக்டர் குனிந்துகொண்டாள். இஸ்திரி எழுந்து ஜன்னலோரம் போய், தொங்கிக்கொண்டிருந்த ஒரு கோட்டின் உறையை இழுத்துச் சரிசெய்வதுபோல் நின்றான்.

"அப்ப என் முறை" என்றார் மாப்பிள்ளை.

"உங்க முறை மாப்ள."

"முன்னால நிக்கறதை அடிக்கறேன்" என்று சொல்லி அவர் உருட்டினார். மூன்று விழுந்தது.